சம்பளம் ஏறின ஒரே நிமிஷத்துல ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கு மொத்தமா முழுங்கிடுச்சு, என்ன பண்றது?

கேட்டவர்:
அண்ணா எல்லாருக்கும் வணக்கம், நான் ஒரகடம் பக்கம் கம்பெனில வேலை பாக்குறேன். பழைய கம்பெனில இருந்தப்ப சேலரி அக்கவுண்ட்லயே 60,000 ஓடி லிமிட் குடுத்தாங்க (கணக்குல காசு இல்லாட்டியும் அதுவரைக்கும் கடனா எடுக்கலாம்), அம்மா ஆஸ்பத்திரி செலவுக்கு எடுத்துட்டேன். நடுவுல ரெண்டு மாசம் வேலை இல்ல. இப்ப புது கம்பெனில முதல் சம்பளம் 24,600, அதே அக்கவுண்ட்ல போட்டுட்டாங்க. காலையில மெசேஜ் வந்துச்சு, டீக்கடை பக்கத்து ஏடிஎம்ல 500 அடிச்சா போதிய பணம் இல்லன்னு சீட்டு வருது. மைனஸ் 58,212 இருந்தது இப்ப மைனஸ் 33,612. வாடகை 7,000 குடுக்கணும். பேங்க் இப்படி எடுக்கலாமா?

பதில் 1:
ப்ரோ சட்டப்படி சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல தொடக்கூடாது, கேஸ் போடுங்க.

பதில் 2:
மேல சொன்னவர் கோர்ட் ஜப்தியோட குழப்பிக்கிறார். சிவில் நடைமுறைச் சட்டம் 60வது பிரிவுல முதல் 1,000 ரூபாயும் மீதில மூணுல ரெண்டு பங்கும் தொடக்கூடாதுன்னு இருக்கு, ஆனா அது கோர்ட் தீர்ப்பு (டிகிரி) வாங்கி கம்பெனிலயே சம்பளத்தை பிடிக்கறதுக்கு. இது மைனஸ்ல இருக்கற கணக்கு, காசு விழுந்தா மைனஸ் குறையும் அவ்ளோதான், யாரும் கைவிட்டு எடுக்கல.

தம்பி நீ பாக்க வேண்டியது வேற. லிமிட் உயிரோட இருந்தா 24,600 வந்ததும் மறுபடி 26,000 வரைக்கும் எடுக்க முடியணுமே? முடியலன்னா லிமிட்டை கேன்சல் பண்ணிருப்பாங்க. ரெண்டு மாசம் சம்பளம் வரலன்னா சேலரி ஓடியில இது நடக்கும். கிளைக்கு நேர்ல போய் லிமிட்டை திறக்கச் சொல்லு, இல்ல பாக்கியை இஎம்ஐ லோனா மாத்திக் கேளு, வாடகை ரசீதையும் புது ஆஃபர் லெட்டரையும் கொண்டு போ. எழுதிக் குடுத்து, நகல்ல சீல் வாங்கிக்கோ, வாயால சொன்னா நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பதில் 3:
அதைவிட முக்கியம் அடுத்த மாச சம்பளம். வேற பேங்க்ல ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கி எச்ஆர்கிட்ட இப்பவே குடுத்துடுங்க, எங்க கம்பெனில 20ம் தேதி தாண்டினா அந்த மாசம் மாத்த மாட்டாங்க. ஆனா கடனை அப்படியே விட்டுடாதீங்க, வட்டி தினமும் ஓடும், சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்கா கட்டறோமான்னு பாக்கற மதிப்பெண்) விழும். ஓடி பேப்பர்ல சம்பளம் இங்கதான் வரணும்னு கையெழுத்து வாங்கிருக்காங்களான்னும் பாருங்க. பேங்க்ல எழுத்துல புகார் குடுத்து 30 நாள் பதில் வரலன்னா ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கறவர்) போகலாம், ஃபீஸ் கிடையாது வக்கீலும் வேணாம், 14448க்கு போன் அடிச்சா எப்படின்னு சொல்வாங்க.

கேட்டவர்:
போயிட்டு வந்தேன் அண்ணா, நீங்க சொன்னதேதான், லிமிட் போன மாசமே கேன்சலாம், மெசேஜ் அனுப்பினோம்ங்கறாங்க, எனக்கு வரல. மேனேஜர் அரை மணி நேரம் நிக்க வச்சுட்டு அப்புறம் 10,000 எடுக்க விட்டார், வாடகை குடுத்தாச்சு. மீதிக்கு 12 மாச இஎம்ஐ அப்ளிகேஷன் குடுத்திருக்கேன். ஸ்டேட்மெண்ட்ல 590 ரூபா ஒண்ணு பிடிச்சிருக்கு, அது என்ன?

பதில் 2:
500ம் ஜிஎஸ்டி 90ம். என்ன பேர்ல போட்டிருக்குன்னு பாரு தம்பி. பீனல் சார்ஜ்னு (கடன் விதியை மீறினதுக்கு அபராதம்) இருந்தா அதுக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2025 ஜனவரியிலயே சுற்றறிக்கை வந்தாச்சு, அந்த 90ஐ திருப்பிக் கேளு.