8 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 1613: இன்ஜினை வீட்டிலேயே பிரிக்கலாமா?

ராசிபுரம் லாரி

வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் டாடா 1613, கம்மின்ஸ் 6பிடி இன்ஜின், 5.9 லிட்டர், டர்போ. அப்பா வாங்கிய வண்டி, அவருக்கு முட்டி வலி வந்த பிறகு நான் ஓட்டுகிறேன். மீட்டர் ஏழு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தில் நின்று இரண்டு வருஷம் ஆகிறது, அதனால் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை கிளட்ச், நாசில் வேலை மட்டும்தான் நடந்திருக்கிறது, கீழே சம்ப்பை (ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றியதே இல்லை.

இப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் ஆயில் குடிக்கிறது. காலையில் நீலப்புகை, பிரீதர் குழாயில் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) இட்லிப் பானை மாதிரி ஆவி. தொப்பூர் ஏற்றத்தில் முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் இப்போது இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. சூடானதும் ஐடிலில் ஆயில் பிரஷர் முள் கீழே உட்கார்ந்துவிடுகிறது.

பக்கத்து ஊர் பட்டறை ஒன்றில் ஃபுல் இன்ஜின் வேலைக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். என்னென்ன மாற்றுவீர்கள், போர் (பிஸ்டன் ஓடும் துளை) எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து காட்டுவீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. அதே பட்டறையில் வேலை பார்த்த எங்கள் தெருக்காரர் வண்டி நான்கு மாதத்தில் மறுபடியும் பிரித்தார்கள். நான் ஐடிஐ டீசல் மெக்கானிக் படித்தவன், டிராக்டர் ஹெட் இறக்கி ஏற்றியிருக்கிறேன். வீட்டில் சிமெண்ட் தரை போட்ட கொட்டகையும் செயின் பிளாக்கும் இருக்கின்றன. மரவள்ளி சீசன் தொடங்கி சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிகளுக்கு லோடு கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

வீட்டில் எதைச் செய்யலாம், எதை வெளியே கொடுத்தே ஆக வேண்டும்? இன்ஜினை இறக்காமல் சேசிஸிலேயே ரிங்கும் பேரிங்கும் மட்டும் மாற்றினால் போதுமா? பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சேர்த்து செட்டாக வாங்கினால் ஒரு கடையில் விலை குறைத்துத் தருகிறார்கள், இப்போதே வாங்கிவிடலாமா?

பழைய ஃபோர்மேன்

தம்பி, ஒரு சாமானும் இப்போது வாங்காதே. உனக்கு எந்த சைஸ் பிஸ்டன் வேண்டும், எந்த சைஸ் பேரிங் வேண்டும் என்று உனக்கே இன்னும் தெரியாது. பிரித்து, கழுவி, அளந்த பிறகுதான் அது தெரியும். கடைக்காரர் ஸ்டாண்டர்டு செட் கொடுத்துவிடுவார், போர் பெரிதாகியிருந்தால் அந்தப் பிஸ்டனை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

பிரிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பார். ஏர் டேங்க்கை வடித்துவிடும்போது ஆயில் கலந்து வருகிறதா? பிரேக்குக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸரின் ரிங் போனாலும் ஆயில் குறையும், அதன் காற்று இன்ஜினுக்குள் இறங்கி பிரீதரில் புகையாக வரும். அப்புறம் டர்போ ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார், ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார். இந்த இரண்டையும் பார்க்காமல் இன்ஜினை இறக்கி, காசு செலவழித்து, திரும்பவும் அதே புகையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீ சொல்வதில் பிரஷரும் விழுகிறது, இழுவையும் இல்லை. கேஜ் வைத்துப் பார்த்துக்கொள். சூடான ஐடிலில் 10 பிஎஸ்ஐ, ஃபுல் வேகத்தில் 30 பிஎஸ்ஐ, இதற்குக் கீழே போனால் ஓட்டக் கூடாது.

சேசிஸிலேயே செய்வதைப் பற்றிக் கேட்டாய். லைனர் (பிளாக்குக்குள் நுழைக்கும் தனிச் சிலிண்டர் குழாய்) போட்ட இன்ஜினாக இருந்தால் பழைய லைனரை உருவிப் புதிதாகப் போட்டுவிடலாம், அதனால்தான் நம் ஊரில் ஹாஃப் இன்ஜின் வேலை என்று ஒன்று இருக்கிறது. 6பிடியில் லைனரே கிடையாது. பிஸ்டன் ஓடுவது நேராக பிளாக்கின் வார்ப்பிரும்பில். எட்டு லட்சம் கிலோமீட்டர் தேய்ந்து முட்டை வடிவமான ஓட்டையில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது எங்கே ஒட்டும்? கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், அப்புறம் பழைய கதைதான். பிளாக் போரிங் பட்டறைக்குப் போயே ஆக வேண்டும்.

இறக்குவதும் பிரிப்பதும் கழுவுவதும் அளப்பதும் மறுபடி பூட்டுவதும் உன் வேலை. போர், ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்து முடிப்பது), கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றும் தண்டு) கிரைண்டிங், ஹெட் வேலை, டீசல் பம்ப், நாசில் இவை வெளியே. இன்ஜின் நானூறு கிலோவுக்கு மேல் இருக்கும், செயின் பிளாக்கை மரக்கிளையிலோ கொட்டகைத் தகரச் சட்டத்திலோ மாட்டாதே. இரும்புக் குழாயில் முக்காலி அடித்து அதில் மாட்டு.

பம்பைக் கழற்றும் முன் ஒன்றாம் சிலிண்டரை டாப்புக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கொண்டுவந்து கியர்களில் மார்க் வை. கியர் கேஸுக்குப் பின்னால் டைமிங் பின் இருக்கும், அதைக் குத்தி நிறுத்திப் பார்த்தால் இடம் சரியாகக் கிடைக்கும். பார்த்ததும் வெளியே இழுத்துவிடு, இல்லாவிட்டால் இன்ஜினைச் சுற்றும்போது ஒடிந்துவிடும். முன் கவரைத் திறந்ததும் கியர் கேஸைப் பிடித்திருக்கும் டவல் பின்னை (சின்ன இரும்பு முளை) பார். அது அதிர்வில் மெதுவாக வெளியே நகரும் ஜாதி. கியர்களுக்கு நடுவே விழுந்தால் கேஸ் உடையும். இதே இன்ஜின் அமெரிக்காவில் 1989 முதல் 1998 வரை டாட்ஜ் பிக்கப்களில் வந்தது, அங்கே இதற்குக் கொலைகாரப் பின் என்றே பெயர்.

போரிங் பட்டறை

ஃபோர்மேன் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. அளவுகளை நான் சொல்கிறேன்.

புதிய போர் 102 மி.மீ. தேய்ந்து 102.116-ஐத் தாண்டினால் போர் ஏற்ற வேண்டும். அதற்குள் இருந்தாலும் ஒரே போரில் குறுக்கே ஓர் அளவு, நெடுக்கே ஓர் அளவு என்று 0.038 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, மேலுக்கும் கீழுக்கும் 0.076-க்கு மேல் இருந்தாலோ அதுவும் போச்சு. மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம், நகத்தை வைத்து இழுத்தாலே அங்கே ஒரு விளிம்பு தட்டும். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.50 மி.மீ., 1.00 மி.மீ. என்று இரண்டு இருக்கின்றன. முதல் தடவை என்றால் பெரும்பாலும் 0.50-லேயே முடியும். 1.00-மும் தாண்டிய பிளாக்குக்குத்தான் ஸ்லீவ் (உள்ளே இறுக்கிப் போடும் குழாய்) அடிப்போம், நல்ல பிளாக்குக்கு யாராவது முதலிலேயே ஸ்லீவ் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

போர் ஏற்றக் கொடுக்கும்போது புதுப் பிஸ்டன்களையும் கையோடு கொண்டு வாருங்கள். பிஸ்டனை அளந்து அதற்குத் தக்கபடி ஹோனிங் முடிப்பதுதான் முறை. எந்தப் போருக்கு எந்தப் பிஸ்டன் என்று நம்பர் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிராங்க்கில் மெயின் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) 83 மி.மீ., கனெக்டிங் ராடு ஜர்னல் 69 மி.மீ. கோடு விழுந்திருந்தால் 0.25 இறக்கிப் பார்ப்போம், அதற்கேற்ற பேரிங்கைக் கிரைண்டிங் முடிந்த பிறகு வாங்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். ஹோனிங் முடிந்த பிளாக்கை மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றித் துடைத்துவிட்டு அப்படியே பூட்டிவிடுகிறார்கள். ஹோனிங் கல்லின் தூள் அதில் போகாது, கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அப்புறம் புது ரிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தின்றுவிடும். சுடுதண்ணீரும் சோப்புத்தூளும் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுப் போரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவ வேண்டும். காய்ந்த உடனே ஆயில் பூசிவிடுங்கள், வெறும் இரும்பு நம் கண் முன்னாலேயே துரு பிடித்துவிடும்.

சங்ககிரி ஓனர்

தம்பி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் என் வண்டி கிராங்க்கை வெளியே கிரைண்டிங் கொடுத்து வாங்கி, துடைத்து, அன்றைக்கே வீட்டில் பூட்டினேன். பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, கழுவ வேண்டும் என்றே தோன்றவில்லை. 1,800 கிலோமீட்டரில் கீழே டக் டக் என்று சத்தம். சம்ப்பை இறக்கினால் ஆயிலில் ஜிகினா போட்ட மாதிரி மினுமினுப்பு. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன், மேலே இருக்க வேண்டிய சாம்பல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது, அதில் குறுக்கே முடி மாதிரி கோடுகள்.

என்ன காரணம் என்றால், கிராங்க்குக்குள்ளே மெயினிலிருந்து ராடு ஜர்னலுக்கு ஆயில் போகும் சாய்வான துளைகள் இருக்கின்றன அல்லவா, அதற்குள் கிரைண்டிங் பொடி அடைத்துக் கிடந்திருக்கிறது. முதலில் வந்த ஆயில் அந்தப் பொடியை நேராகப் பேரிங்குக்குத் தள்ளிவிட்டது. கிராங்க் மறுபடி 0.50 இறக்கி, பேரிங், கேஸ்கெட், ஆயில் எல்லாம் இரண்டாம் தடவை. வண்டி ஒரு மாதம் நின்றது, டியூ கட்ட மனைவியின் வளையலை வைத்தேன்.

அதனால் நீளமான பிரஷ் வாங்கி ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குத்திக் கழுவி, காற்று அடித்து, அப்புறம் பூட்டுங்கள். பிளாக்கில் உள்ள ஆயில் கேலரி (ஆயில் ஓடும் வழி) பிளக்குகளையும் கழற்றி அப்படியே செய்யுங்கள். பழைய ஆயில் கூலரைக் கழுவி மறுபடி போடுவதை விடப் புதிதாகவே போடுங்கள், அதன் உள் மடிப்புகளுக்குள் இருக்கும் தூளை எடுக்கவே முடியாது.

ராசிபுரம் லாரி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஏர் டேங்க்கில் ஆயில் வந்தது, ஆக கம்ப்ரஸரும் தேய்ந்திருக்கிறது, ஆனால் அது மட்டும் இல்லை. இன்ஜினை இறக்கிப் பிரித்துவிட்டேன். போர் கேஜ் இரவல் வாங்கி அளந்ததில் மூன்றாவது போர் மேலே 102.19, ஐந்தாவது 102.17, மற்றவை 102.12-லிருந்து 102.15 வரை. நான்கு மெயின் பேரிங்குகளில் செம்பு தெரிகிறது. ஹெட்டில் விரிசல் இல்லை என்று டெஸ்ட் செய்து சொல்லிவிட்டார்கள், வால்வு கைடும் சீட்டும் செய்யக் கொடுத்திருக்கிறேன்.

ஃபோர்மேன் ஐயா சொன்ன டவல் பின் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேம் கியருக்கும் அதற்கும் நடுவே என் சுண்டு விரல் நுழையும் இடம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்த வண்டியில் போன மாதம்தான் பதினோரு டன் ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய் வந்தேன்.

0.50 பிஸ்டன் செட் வாங்கிப் பிளாக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பூட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பழைய ஃபோர்மேன்

பின்னை உள்ளே தட்டிவிட்டு, பக்கத்தில் உள்ள போல்ட்டில் ஒரு சின்ன இரும்புத் தகட்டை மாட்டி அதன் வாயை மூடிவிடு, இனி ஜென்மத்துக்கும் வெளியே வராது.

இந்த இன்ஜினில் டேப்பெட்டுகள் (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே இருக்கும் துண்டுகள்) காளான் வடிவம், கீழிருந்துதான் ஏறும். பிளாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து முதலில் டேப்பெட், அப்புறம் கேம், அப்புறம் கிராங்க் என்று போ. நிமிர்த்தி வைத்துக் கேமைப் போட வேண்டி வந்தால் புஷ்ராடு துளை வழியாக மரக்குச்சியை டேப்பெட்டுக்குள் இறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு மேலே தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மெயின் பேரிங்கின் மேல் பாதியில் ஆயில் துளை இருக்கும், அது பிளாக்கின் துளைக்கு நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் கண்ணால் பார். மெயின் போல்ட்டை 60, 119, 176 நியூட்டன் மீட்டர் என்று மூன்று தடவையாக ஏற்று. ராடு 35, 70, 100. டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் முறுக்காதே, வாடகைக்காவது எடு. ஒவ்வொரு கேப்பும் முறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றிப் பார். எந்தக் கேப்பில் பிடிக்கிறதோ அதை அங்கேயே கழற்றிக் காரணம் கண்டுபிடி.

ரிங்கைப் பிஸ்டனில் போடும் முன் ஒவ்வொன்றையும் அதன் போரில் நுழைத்து இடைவெளி பார். மேல் ரிங் 0.40-லிருந்து 0.70 மி.மீ., மற்றது 0.25-லிருந்து 0.55. டேப்பெட் இடைவெளி இன்டேக் 0.25, எக்ஸாஸ்ட் 0.50. ஆயிரம் கிலோமீட்டரில் திரும்பப் பார்த்துக்கொள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்று. ஸ்டாப்பை இழுத்து டீசலை நிறுத்தி வைத்துக்கொண்டு, பிரஷர் முள் ஏறும் வரை செல்ஃப் அடி. ஒரே மூச்சில் 30 செகண்டுக்கு மேல் வேண்டாம், இரண்டு நிமிஷம் விட்டு அடி. ஸ்டார்ட் ஆன பிறகு அரை நாள் ஐடிலில் ஓட விடுவது நம் ஊர்ப் பழக்கம், அதைச் செய்யாதே. டீசல் இன்ஜினுக்கு லோடு கொடுத்தால்தான் ரிங் போரோடு ஒட்டும், ஐடிலில் விட்டால் போர் வழுவழுவென்று கண்ணாடியாகிவிடும். கசிவு பார்த்ததும் அரை லோடு ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விடு. ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்று, பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்து வெயிலில் பார்.

ராசிபுரம் லாரி

பிளாக் நேற்றுச் சாயங்காலம் வந்தது. இரண்டு அண்டாவில் சுடுதண்ணீர் வைத்து, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் மூன்று தடவையும் துணி கரி மாதிரி வந்தது, பட்டறையில் கழுவிக் கொடுத்த பிளாக்தான் இது. ஐந்தாவது தடவை கழுவிய பிறகும் நான்காவது போரில் மட்டும் லேசாகச் சாம்பல். ஏழாவது தடவை ஆறு போரிலும் துணி வெள்ளையாக வந்தது, மணி இரவு பத்தரை. ஆயில் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டிவிட்டேன். கிராங்க் துளைகளுக்குப் பிரஷ் இன்று மதியம் வாங்கி வருகிறேன், அது முடிந்ததும் பேரிங் அளவு எழுதுகிறேன்.