ஸ்பின்னுக்குக் 'கறங்கு'

நண்பர்களுக்கு வணக்கம்.

எலக்ட்ரான் போன்ற நுண்துகள்களைச் சிறு காந்தம் போல நடக்கவைக்கும் இயல்பான பண்புதான் ஸ்பின். அதைத் தமிழில் சொல்லத் 'தற்சுழற்சி' போதும் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். கரிமக் குறைகடத்திப் பாலிமர்களை, அதாவது ஓரளவு மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் வகைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது போதவில்லை. ஒரே பத்தியில் எனக்கு மூன்று சுழற்சிகள் வந்துவிட்டன.

கண்ணாடித் தகட்டில் பாலிமர் கரைசலைச் சில சொட்டு விட்டு, நிமிடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் சுற்று வேகத்தில் சுற்றவிடுகிறோம். கரைசல் விளிம்புக்கு ஓடி, கரைப்பான் ஆவியாகி, மெல்லிய படலம் மிஞ்சும். இது நிஜமான சுழற்சி. அந்தப் படலத்துக்குள் பாலிமர் மூலக்கூறுச் சங்கிலியின் அணு வளையங்கள் பிணைப்பைச் சுற்றித் திரும்புகின்றன, அதுவும் சுழற்சிதான். மூன்றாவது எலக்ட்ரானின் ஸ்பின். இதில் மட்டும் எதுவும் சுற்றவில்லை. 1925-இல் இயற்பியலாளர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் சுற்றும் பந்தாகத்தான் அதை நினைத்தார்கள். அப்படியானால் பந்தின் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாகப் போக வேண்டும். படம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அதனால்தான் 'கறங்கு' என்கிறேன். பழஞ்சொல், காற்றாடிக்கும் பெயர். அதுவும் சுழல்வதுதானே என்று கேட்பீர்கள். சரிதான். குமரிப் பக்கம் பேச்சிலும் இன்னும் உண்டு. ஆனால் இன்றைய அறிவியல் எழுத்தில் அதற்கு வேறு வேலை இல்லை. ஒரு பண்பின் பெயராக அதை முழுசாக எடுத்துக்கொள்ளலாம். நாலே எழுத்து. மேற்கறங்கு, கீழ்க்கறங்கு, கறங்கு முனைவாக்கம், கறங்கியக்கவியல் என்று எளிதாக ஒட்டும்.

எழுதியும் பார்த்தேன்:

"கார்பன், ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்களில் எலக்ட்ரானின் கறங்குக்கும் அதன் சுற்றுப்பாதைக்கும் உள்ள பிணைப்பு வலுவற்றது. அதனால் பாலிமரில் கறங்கு தன் திசையை மைக்ரோநொடிக் கணக்கில் காக்க முடிகிறது. கார்பன்-12 கருவின் கறங்கு சுழியம். ஆகவே திசையைக் கலைப்பதில் ஹைட்ரஜன் கருக்களின் சிறு காந்தப்புலத்துக்கே பெரும்பங்கு. 2010-இல் யூட்டா பல்கலைக்கழகத்தினர் பிபிவி என்னும் குறைகடத்திப் பாலிமர் வகை ஒன்றில் ஹைட்ரஜன் இடத்தில், கருவின் காந்தம் அதைவிட வலுக்குறைந்த கன ஹைட்ரஜனான டியூட்டிரியத்தை வைத்தபோது, கறங்கு இன்னும் தொலைவு பரவியது."

கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் ஒரே சொல் பொருந்துவதைக் கவனியுங்கள்.

அப்புறம், கலைக்கப்பட்ட கறங்குகள் பழைய சமநிலைக்குத் திரும்பும் ரிலாக்சேஷனுக்குத் 'தளர்வு' நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். அதில் டி2 என்று குறிக்கப்படும் வகைக்கு மட்டும் தனிச்சொல் தேவை. அங்கே ஆற்றல் வெளியே போவதில்லை. சேர்ந்து ஆடிய கறங்குகள் ஒன்றுக்கொன்று தாளம் தப்புகின்றன. 'கட்டச் சிதைவு' (கட்டம் என்றால் ஆட்டத்தின் ஃபேஸ்) என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

'கறங்குத் தளர்வு' என்பதில் 'குரங்குக் குட்டி' போல ஒற்று மிகுத்திருக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்