மறு: 'ஈசோப்பு மொழி'க்குத் தமிழ்ச் சொல் – சாடைமொழி?

> உள்ளுறை இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஈசோப்பு மொழி என்பது தணிக்கைக்குத் தப்ப, சொல்ல வந்ததை மறைத்து எழுதும் முறை. உள்ளுறை உவமம் அகப்பாட்டின் கருப்பொருளில் (அந்தந்த நிலத்து விலங்கு, மரம் போன்றவற்றில்) காலூன்றியது, இங்கே ஒட்டாது. ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் பிறிதுமொழிதல் அணி கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் 'பீலிபெய் சாகாடும்' குறளில் வள்ளுவர் யாருக்கும் பயந்து மறைக்கவில்லை. ருஷ்ய அங்கத எழுத்தாளர் சால்திகோவ்-ஷெத்ரின் வழக்குக்குக் கொண்டுவந்த 'ஈசோப்பு மொழி'க்கோ, கேட்டால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நழுவ இடமிருப்பதுதான் உயிர். நம் ஊரில் இதற்குப் பெயர் சாடை பேசுவது.

ருஷ்யக் கவிஞர் புஷ்கின் 1834இல் எழுதிய 'பொற்சேவல் கதை'யில் வைத்துப் பாருங்கள். ஜார் ததோனுக்கு ஆபத்தை முன்கூட்டியே கூவிச் சொல்லும் சேவலின் கதை அது. ஈற்றடிகள்: "கதை பொய்தான், ஆனால் அதில் ஒரு நம்யோக்! நல்ல பிள்ளைகளுக்கு ஒரு பாடம்." நம்யோக் என்பது மறைமுகமாகச் சுட்டுவதைக் குறிக்கும் ருஷ்யச் சொல். அதற்குக் 'கருத்து', 'நீதி' என்று போட்டால் அடுத்த அடியின் 'பாடம்' கூறியது கூறலாகிவிடும். 'சாடை' போட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும். 1835இல் அச்சானபோது தணிக்கை இந்த இரண்டு அடிகளையும், "படுத்தபடியே ஆட்சி செய்" என்று சேவல் கூவும் அடியையும் வெட்டியது. புஷ்கினின் நாட்குறிப்பில் அந்தக் கடுப்பு அப்படியே இருக்கிறது.

> அப்படியானால் ஜார் ததோன்தான் முதலாம் நிக்கொலாயா?

இங்கேதான் பலரும் சறுக்குவது. ததோனுக்கு அன்றைய பேரரசர் நிக்கொலாய் என்று ஆள் கிடைத்துவிடும். கதையில் ததோனை மயக்கும் ஷமகான் அரசி யார்? இல்லவே இல்லாதவள்போல் கடைசியில் மறைந்துபோகிறாளே! ஆளுக்கு ஆள் பொருத்துவது உருவகக் கதைக்கான வேலை. சாடை கதை முழுக்கப் பரவியிராது, ஓரிரு அடியில்தான் ஒளிந்திருக்கும். "சிலரோடு மோதினால் கட்டாது" என்ற அடியில் 'சிலரோடு' என்ற இடத்தில், வரைவில் 'ஜார்களோடு' என்று இருந்தது. அந்த ஒரு சொல்மாற்றம்தான் சான்று. கதைக்கட்டு வாஷிங்டன் இர்விங்கின் அல்ஹம்பிரா கதைகளிலிருந்து வந்தது என்று ருஷ்யக் கவிஞர் அக்மாத்தவா 1933இல் காட்டினார். அது மூலம், சாடை அல்ல; இரண்டையும் 'அடிப்பொருள்' என்று ஒரே பெட்டியில் போடக் கூடாது.

> முகச்சாடை, கண்சாடையோடு குழம்பாதா? பேச்சுவழக்காகவும் இருக்கிறதே?

ஐயா, 'மொழி' சேர்ந்தபின் முகச்சாடைக்கு இடமில்லை. கையால் பேசுவதற்குச் சைகைமொழி தனியாக இருக்கிறது. பேச்சுவழக்கு என்பது குறையும் அல்ல. நம்யோக்கும் ருஷ்யப் பேச்சில் புழங்கும் சொல்தான்.

கலைச்சொல் பட்டியலில் நம்யோக் – சாடை, ஈசோப்பு மொழி – சாடைமொழி என்று ஏற்றலாம். வினைக்குச் 'சாடைமொழிதல்' வேண்டாம், செயற்கையாக ஒலிக்கிறது. 'சாடையாக எழுதுதல்' போதும்.