புதுப்பிப்பு: ஓடும்போது ஆட்டோமேட்டிக் காரை நியூட்ரலுக்கு மாற்றலாமா?

இறக்கத்தில் D-யிலிருந்து (டிரைவ்) N-க்குத் (நியூட்ரல்) தள்ளினால் பெட்ரோல் மிச்சமாகுமா, கியர்பாக்ஸ் கெடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. கார் கையேட்டைப் படித்து, ஒரு மெக்கானிக்கிடமும் பேசிவிட்டேன்.

பெட்ரோல் மிச்சமாகாது. ஃபூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது பெரும்பாலும் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும். அதைவிட முக்கியம், இன்ஜின் பிரேக்கிங், அதாவது இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைப்பது, போய்விடும். நீண்ட மலை இறக்கத்தில் பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறிப் பிடிப்பை இழக்கலாம். இறக்கத்துக்கு L அல்லது 2 போன்ற தாழ்ந்த கியர்தான் சரி.

தவறுதலாக ஒருமுறை N-க்குப் போனால் கியர்பாக்ஸ் உடையாது. ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் D-க்குத் திருப்பினால் போதும். இன்ஜினை உறும விட்டுக்கொண்டே D போடுவதுதான் உள்ளே இருக்கும் கிளட்ச்களைத் தேய்க்கும். ஓடும்போது R (ரிவர்ஸ்), P (பார்க்கிங்) பக்கம் போகவே கூடாது.

ஆனால் ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் நியூட்ரல்தான் உயிர்காக்கும். பிரேக்கை அழுத்திப் பிடித்து N போடுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழலாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் அதைப் பார்த்துக்கொள்ளும். வண்டி நிற்கும்வரை இன்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் உதவியும் குறையும். எலெக்ட்ரானிக் கியர் லீவர் உள்ள சில கார்களில் N-இல் சற்று நேரம் பிடித்திருக்க வேண்டும். உங்கள் வண்டியில் எப்படி என்று இன்றே கையேட்டில் பார்த்துவிடுங்கள்.