காதுகுத்துக்குக் காரா, வேனா?

சுந்தரம் பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரில் காதுகுத்து, மதுரையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட வேண்டும். செந்தில்தான் காரை ஓட்டுவதாக இருந்தால் நான் பேருந்தில் வந்துவிடுகிறேன்.

செந்தில்: நான் என்ன செய்தேன், பெரியப்பா?

வள்ளி அத்தை: போன மாதம் அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வரை கொத்தனாரிடம் சிமெண்ட் மூட்டைக் கணக்குக் கேட்டுக்கொண்டே ஓட்டினாயே, அதைத்தான் சொல்கிறார்.

செந்தில்: போனைத் தொடவே இல்லை அத்தை, புளூடூத்தில்தான் பேசினேன்.

சுந்தரம் பெரியப்பா: கை ஸ்டியரிங்கில் இருந்தது, கவனம் எங்கே இருந்தது? பேசிக்கொண்டே ஓட்டுகிறவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் அந்த ஆபத்து பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. பந்தல்குடி அருகே முன்னால் போன லாரியின் பிரேக் விளக்கு எரிந்ததை, நான் சத்தம் போட்ட பிறகுதானே பார்த்தாய்? மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். வாட்ஸ்அப்பைப் பார்க்க மூன்று நொடி குனிந்தால் 75 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகத்தான் கணக்கு.

ரேவதி: அண்ணன் சிக்னலில் ரீல்ஸும் பார்ப்பான்.

செந்தில்: நீ ஸ்கூட்டரில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போவதை நான் வீட்டில் சொன்னேனா?

முருகேசன் சித்தப்பா: இப்போது சொல்லிவிட்டாய். 2022 அக்டோபரில் உயர்த்திய அபராதப்படி, தமிழ்நாட்டில் இதற்கு முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய்.

ரேவதி: 🙏

செந்தில்: வழி பார்க்க மேப்பாவது வேண்டாமா?

சுந்தரம் பெரியப்பா: கவனம் சிதறாமல் வழி பார்ப்பதற்கு மட்டும் 2020-இல் திருத்திய மத்திய விதி இடம் தருகிறது. ஆனால், முடியிறக்கிய நாள் முதல் போய்வரும் திருச்செந்தூருக்கு உனக்கு எதற்கப்பா மேப்?

முருகேசன் சித்தப்பா: பேசாமல் வேன் பிடித்துவிடலாம்.

வள்ளி அத்தை: ரேவதி கல்யாணத்துக்கு நீ பிடித்த வேன்காரர் வழியெல்லாம் தன் மச்சினனோடு போனில் சண்டை போட்டதை மறந்துவிட்டாயா?

முருகேசன் சித்தப்பா: அவரை ஏற்பாடு செய்தது நான் இல்லை, உன் வீட்டுக்காரர்.

செந்தில்: வண்டியில் ஏறும்போதே போனை ரேவதியிடம் கொடுத்துவிடுகிறேன். கொத்தனார் கூப்பிட்டால் அவளே பதில் சொல்லட்டும். நான் பேசியாக வேண்டுமென்றால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன்.

ரேவதி: சிமெண்ட் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.

வள்ளி அத்தை: வேன் என்றால் நாளை மதியத்துக்குள் முன்பணம் கொடுக்க வேண்டும். அண்ணா, என்ன சொல்கிறீர்கள்?

சுந்தரம் பெரியப்பா: அந்த வேன்காரரின் எண்ணை அனுப்பு, முதலில் நான் அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.