டிரம்ஸ் பதிவு: நேரடியாகவா, சாம்பிளா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் உள்ள சின்ன ஸ்டூடியோவில் எங்கள் குழுவின் பாட்டைப் பதிவு செய்யப் போகிறோம். மைக் செருக நாலு இடம்தான், கூரையும் தாழ்வு. கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் முக்கிய டிரம்) இரண்டுக்கும் தனித்தனி மைக், ஸ்னேரிலிருந்து சம தூரத்தில் இரண்டு ஓவர்ஹெட் (டிரம்ஸுக்கு மேலே வைக்கும் மைக்) என்று யோசனை. ஸ்டூடியோ அண்ணன், "ட்ரிகர் போட்டு சாம்பிள் மாத்திடலாம் லா" என்கிறார்; அதாவது ஒவ்வொரு அடியையும் உணர்ந்து, அதற்குப் பதில் முன்பே பதிவு செய்த அடிச் சத்தத்தை (சாம்பிள்) ஒலிக்க வைப்பது. கிக்குக்குச் சரி. ஆனால் ஸ்னேரில் மெல்லிய கோஸ்ட் நோட்டுகளும் பெரிய அடிகளும் ஒரே மாதிரி கேட்டால் உயிர் போய்விடும். ஹைஹேட் (ஜோடித் தட்டு) சத்தம் ஸ்னேர் மைக்கில் கசிந்தால், அடிக்காத இடத்திலும் சாம்பிள் விழும். போதாததற்கு உறுமியும் அதே அறையில்!

அசல் ஸ்னேரோடு சாம்பிளைக் கலந்து பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு கலந்தீர்கள்? தாழ்ந்த கூரையில் ஓவர்ஹெட்டை எங்கே வைப்பது? ஈப்போ பக்கம் நல்ல அறை இருந்தாலும் சொல்லுங்கள், வாடகை கட்டுப்படியானால் வருகிறோம்.