மோட்டார் ஓடாத நேரத்திலும் மீட்டர் சிமிட்டியது: உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?

தஞ்சை_கீழவாசல்

பில்லில்தான் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு 380 யூனிட்டைத் தாண்டாத வீடு. 2023 நவம்பரில் 790 வந்தது. ரூபாயில் ஆயிரத்துச் சொச்சம், நாலாயிரத்துச் சொச்சமாகிவிட்டது. 500ஐத் தாண்டினால் விலை வரிசையே மாறிவிடும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீட்டர் கோளாறு என்று எழுதிக் கொடுக்கக் கிளம்பினேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான், "முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருப்பா" என்றார்.

இரவு பத்து மணி. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. மீட்டரில் சிவப்பு விளக்கு நாலு வினாடிக்கு ஒருமுறை சிமிட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் மீட்டரில் 3200 சிமிட்டல் ஒரு யூனிட். நாலு வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 900. கணக்குப் போட்டால் 280 வாட் சொச்சம் யாரும் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட். காணாமல் போனதும் அதே அளவுதான்! பக்கத்திலேயே, கரண்ட் தரைக்குக் கசிந்தால் எரியும், எர்த் என்று குறித்த சின்ன விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் செருப்பு போடுகிறேன், ஒருநாளும் என்னவென்று யோசித்ததில்லை.

மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதும் சிமிட்டல் நின்றது. அப்போது பின்னால் நின்ற அம்மா மெதுவாகக் கேட்டார்: "கொல்லைக் குழாயைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குதுன்னு சொன்னேனே தம்பி, அதுவா இருக்குமோ?"

மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. கை காலில் ஊசி குத்துவது போல இருக்கிறது என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். மருத்துவரிடம் கூட்டிப்போய், நரம்புக்கு மாத்திரையும் வாங்கிக் கொடுத்தேன். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று இரும்புக் குழாயைத் திறக்கும்போது மட்டும் இழுக்கிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் போர்வெல்லிலிருந்து மோட்டாரைத் தூக்கியபோது, உள்ளே ஒயர் இணைப்பில் சுற்றியிருந்த டேப் ஊறிக் கூழாகியிருந்தது. அதைவிட மோசம், ஸ்டார்ட்டர் பெட்டியில் சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸுக்குப் பதில் திரும்பிப் போகும் நியூட்ரலை வெட்டும்படி யாரோ மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மோட்டார் நிற்கும், ஆனால் போர்வெல்லுக்குள் கரண்ட் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும். எர்த் குழியும் காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி வந்திருந்தாலே இவ்வளவு தூரம் போயிருக்காது என்று தோன்றுகிறது.

உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஆவடி_இரண்டாம்மாடி

படித்ததும் வயிற்றைக் கலக்கியது சார். ஆனால் கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான், அது உயிரைக் காப்பாற்றும் என்று நினைத்துவிடக் கூடாது. சாதாரண வீட்டு எர்த் 20 ஓம் இருந்தால் 230 வோல்ட்டில் 11, 12 ஆம்பியர்தான் ஓடும். 32 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மேல் ஓடினால் தானே விழும் சுவிட்ச், அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எம்சிபி ஒயர் எரியாமல் பார்ப்பதற்கு. மனிதனுக்கு என்று இருப்பது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வெட்டிவிடும். உங்கள் வீட்டில் ஒரு ஆம்பியருக்கு மேல் கசிந்திருக்கிறது.

இவ்வளவு பேசுகிற நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஆர்சிசிபி இருந்தது. மழை பெய்கிற இரவெல்லாம் விழும். குழந்தை வியர்த்து அழும். எலக்ட்ரீஷியன் வந்து அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்து, "இதுதான் சார் தொந்தரவு" என்று என் கையில் கொடுத்தார். நானும் நன்றி சொல்லி, 300 ரூபாய் கொடுத்து, அதை அலமாரியில் வைத்தேன். இரண்டு வருடம் அங்கேயே இருந்தது.

பால்கனி விளக்கை மாற்ற நானே மெயினை அணைத்துவிட்டு ஏறினேன். மூடியைத் திருகியதும் அரை டம்ளர் தண்ணீர் முகத்தில் கொட்டியது, கூடவே செத்த எறும்புகள். துணி காயப்போடும் இரும்புக் கம்பி அந்த விளக்கின் தகட்டில்தான் கட்டியிருந்தது. என் மனைவி தினமும் ஈரத்துணியோடு தொடுகிற கம்பி அது. ஆர்சிசிபி அத்தனை இரவும் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

இப்போது மாதம் பிறந்ததும் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தி விழவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

மதுரை_மொட்டைமாடி

என்னுடையது கரண்ட் விஷயம் இல்லை, வெயில் விஷயம். ஆனாலும் பில்லில்தான் போய் முடிந்தது.

மாமியார் வீடு. செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு பதித்த பழைய மாடி. ஓர் ஓரத்தில் ஒழுகியது. 2019இல் மொத்தத்தையும் கொத்தி எடுத்துவிட்டு, வெறும் சிமெண்ட் தளம் போட்டு, கறுப்பாக ஏதோ பூச்சும் அடித்தோம். ஒழுகுவது நின்றது. அடுத்த சித்திரையில் இரவு ஒன்பதரைக்கு மாமியார் கட்டில் மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "தோசைக்கல்லு மாதிரி இருக்கு, தொட்டுப் பாரும்மா" என்றார். தொட்டேன். உண்மையாகவே கை வைக்க முடியவில்லை. சூரியன் மறைந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

நாற்பது வருடம் மின்விசிறியிலேயே தூங்கியவர் அந்த வாரம் ஏசி கேட்டார். வாங்கிக் கொடுத்தோம். கோடை பில் 500 யூனிட்டுக்குக் கீழே வந்ததே இல்லை. அந்தச் சல்லியும் தட்டோடும் சும்மா கிடக்கவில்லை என்று கொத்தியபோது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதை வண்டியில் ஏற்றிக் குப்பைக்கு அனுப்பக் காசு வேறு கொடுத்தோம்.

தூத்துக்குடி_உப்புக்காற்று

மதுரைச் சகோதரிக்கு. தட்டோட்டைக் கோயில் கட்டிக் கும்பிடும் அளவுக்குப் போக வேண்டாம். இடுக்கில் ஒரு அரசங்கன்று வேர்விட்டால் மாடியே போச்சு, எங்கள் பழைய வீடு அப்படித்தான் போனது. நீங்கள் எடுத்தது தவறில்லை. எடுத்த பிறகு கறுப்பாக விட்டதுதான் தவறு.

சிமெண்ட் தளத்துக்கு வழி இருக்கிறது. மாசி மாதமே செய்துவிடுங்கள். முதலில் பாசி போகத் தேய்த்துக் கழுவி, விரிசலை எல்லாம் கீறி அடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். கறுப்புப் பூச்சின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதைச் சுரண்டியே ஆக வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பெயின்ட் கடையில் கிடைக்கும் பசையைக் கொஞ்சம் கலக்குங்கள். தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. தளத்தை லேசாக நனைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் மெல்லிசாக ஒரு கை, மறுநாள் குறுக்குவாட்டில் ஒரு கை. ஒரே கையில் தடிமனாக அடித்தால் பொரிந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் கரையும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் முடியாது என்றால் வெள்ளை ஓடு பதியுங்கள். ஆனால் வாட்டம் பார்த்துப் பதியச் சொல்லுங்கள். பத்தடிக்கு ஒரு அங்குலச் சொச்சமாவது சரிவு வேண்டும். மேற்குச் சுவருக்கும் ஏதாவது நிழல் கொடுங்கள். மாலை வெயில் வாங்கிய சுவர் இரவு முழுக்க அதை அறைக்குள்தான் விடும்.

என் கதை சின்னது. 2023 டிசம்பர் 17, 18 மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது. மாடியில் தண்ணீர் போகும் குழாய் வாயை ஒரு தேங்காய் மட்டை அடைத்துக்கொண்டது. காலையில் பேரன் தூங்கிய தொட்டிலை, வெளிச்சமாக இருக்கட்டும் என்று மருமகள் ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். தொட்டில் இருந்த இடத்தில் கூரைப் பூச்சு ஒரு முறத்தளவு பெயர்ந்து விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வடவள்ளி_வாடகைவீடு

ஆவடி சார் எலக்ட்ரீஷியனை விட்டுவிட்டார், எனக்கு மனசு ஆறவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏசிக்கு "கேஸ் குறைந்திருக்கிறது" என்று ஒருவர் வந்து நிரப்பிவிட்டுப் போவார். நாலு வருடம். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு? அடைத்த குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது அது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். ஐந்தாம் வருடம் வந்த பையன் அவுட்டோர் யூனிட்டின் நட்டில் சோப்பு நுரையைத் தடவினான். நுரை ஒவ்வொரு குமிழாக உப்பியது. ஒரு திருகு, கதை முடிந்தது. அந்தக் குமிழைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம்.

மதுரை அக்கா, 500ஐத் தாண்டாமல் இருக்க இன்னொன்று. பழைய மின்விசிறி 75 வாட், பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஒரு விசிறியில் 32 யூனிட் மிச்சம். நாலு விசிறி என்றால் 130. ஏசியை 24க்குக் கீழே இறக்காமல் கூடவே அந்த விசிறியை ஓடவிடுங்கள். வாடகை வீட்டில் கூரையை ஒன்றும் செய்ய முடியாது, விசிறியைக் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம் என்றுதான் நான் வாங்கினேன்.

ஆவடி_இரண்டாம்மாடி

நான் எலக்ட்ரீஷியனை விடவில்லை. கழற்றச் சொன்னது நான். அவர் மேல் போட்டால் எனக்குத் தூக்கம் வராது.

தஞ்சை சார், இப்போது மோட்டார் லைனுக்குத் தனி ஆர்சிசிபி போட்டீர்களா? அம்மா எப்படி இருக்கிறார்?

தஞ்சை_கீழவாசல்

போட்டாகிவிட்டது. எர்த் பற்றி நீங்கள் சொன்னது சரிதான், வந்த வயர்மேனும் அதையே சொன்னார். ஸ்டார்ட்டரில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே வெட்டும் சுவிட்ச் போட்டோம். ஒயர் இணைப்பைப் புதிதாகச் செய்து, கசிவு இருக்கிறதா என்று காட்டும் மெகர் கருவியை வைத்துப் பார்த்த பிறகே இறக்கினோம். அடுத்த பில் 372 யூனிட். கொல்லையில் பிளாஸ்டிக் குழாய் மாற்றிவிட்டேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். ஊசி குத்துவது நின்றுவிட்டது. ஆனால் குழாயைத் திறப்பதற்கு முன் இப்போதும் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார். பிளாஸ்டிக்தான் அம்மா என்று சொல்லிவிட்டேன். சரிப்பா என்கிறார், தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறார்.